வாய் நலக் கணக்கெடுப்பு: வேலூர்ப் பக்கம் களத்தில் இறங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடு முழுவதற்குமான வாய் நலக் கணக்கெடுப்பு என்றாலும் ஓர் ஊருக்குக் கிடைப்பது சில மணி நேரமும் சில பத்து வாய்களும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு முறையில், ஓர் இடத்தில் ஒரு வயதுப் பிரிவுக்கு 25 முதல் 50 பேரைப் பார்த்தால் போதும். பார்க்காத அத்தனை பேருக்காகவும் அந்த ஐம்பது வாய்களே பேச வேண்டும். ஆகவே வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பெரிய தவறுகள் நடந்து முடிந்துவிடுகின்றன.

முகாமுக்கு வந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பது அவற்றில் மோசமானது. "பல் டாக்டர் வந்திருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் வலி உள்ளவர்கள்தான் வருவார்கள். முகாம் நல்ல காரியம், ஆனால் அது கணக்கெடுப்பு ஆகாது. வீடு வீடாகப் போனாலும் நேரம் நம்மை ஏமாற்றும். ஆம்பூரில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் 35–44 வயதுக்காரர்களில் பலர் ஷூ கம்பெனியில் இருப்பார்கள். குடியாத்தத்திலோ வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் எளிதில் கிடைப்பார்கள். கிடைத்தவர்களையே எழுதிக்கொண்டு போனால் ஒரு தொழிலின் வாய்கள் மிகுந்து இன்னொன்றின் வாய்கள் காணாமல் போகும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மறுபடி போகத்தான் வேண்டும். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமம் பட்டியலில் வந்தால், பாதை கடினம் என்று அடிவாரத்து ஊரை மாற்றிப் போடவே கூடாது.

பள்ளியிலும் இதே கதைதான். நான் குறிப்பெழுதப் போன ஒரு பள்ளியில் ஆசிரியர் அன்போடு "நல்ல பிள்ளைகளாக" பதினைந்து பேரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அன்றைக்கு வராத பிள்ளை பல்வலியோடு வீட்டில் படுத்திருந்திருக்கலாம். வருகைப் பதிவேட்டை வாங்கி, சீரான இடைவெளியில் பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். வராதவர்களைத் தேடிப் போங்கள்.

அடுத்தது வயது. 5, 12, 15, 35–44, 65–74 என்று பிரிவுகளை வகுத்ததற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டில் ஞானப்பல் தவிர ஏறக்குறைய எல்லா நிரந்தரப் பற்களும் முளைத்திருக்கும். நம் ஊரில் "பன்னிரண்டு நடக்கிறது" என்றால் முடிந்தது பதினொன்றுதான். இதைக் கேட்டுத் தெளிவு செய்யாதவர் பாதி முளைத்த வாயை எண்ணிவிட்டு வருவார். முதியவர்கள் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். "அண்ணா இறந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா, தாத்தா?" என்று கேளுங்கள். அது 1969, அங்கிருந்து கணக்குப் போட்டுவிடலாம்.

பல்லைப் பார்க்கும்போது, ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டிலும் பலர் அது விழுந்து முளைக்கும் என்றே நினைக்கிறார்கள். கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்ப்பதும் தவறு. 0.5 மி.மீ. உருண்டை முனை கொண்ட அளவுக் கம்பிதான் முறை. வெறும் வெண்புள்ளி சொத்தைக் கணக்கில் வராது. பதினைந்து வயதுக்குக் கீழே ஈற்றுப் பை (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கு) ஆழத்தை அளக்க வேண்டாம், முளைத்துவரும் பல்லைச் சுற்றியுள்ள ஈறு பொய்யான ஆழம் காட்டும். விழுந்த பல்லிலும் கவனம் தேவை. முப்பது வயதுக்குக் கீழே சொத்தையால் போனது மட்டுமே இழப்பாகச் சேரும், முப்பதிலிருந்து காரணம் எதுவானாலும் சேரும். பல்லின் ஈரிலக்க எண்ணைச் சொல்லும்போது "பதினாறு" என்னாமல் "ஒன்று, ஆறு" என்று தனித்தனியாகச் சொன்னால் எழுதுபவர் தடுமாறமாட்டார்.

பழுப்புக் கறை தனிக் கவலை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அவற்றை ஒட்டிக் கிடக்கிறது திருப்பத்தூர். ஃபுளோரைடு கறை வாயின் இருபுறமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி தெரியும். வெற்றிலைக் கறை அப்படி இருக்காது. ஃபுளோரைடு கறை எனாமல் உருவாகும் சிறுவயதிலேயே பதிந்துவிடுவது. ஆகவே கல்யாணமாகி வந்த பெண்ணிடம் இப்போது குடிக்கும் தண்ணீரைக் கேட்டுப் பயனில்லை, பிறந்த வீட்டுக் கிணற்றைக் கேட்க வேண்டும்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் அவசரம் கூடாது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-இல் தேசியக் கணக்கெடுப்பு நடத்தியபோது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூர் மாவட்டத்துக்குள் இருந்தன, 2019-இல்தான் பிரிந்தன. அதற்கும் முந்தைய வட ஆற்காட்டுப் புள்ளிவிவரம் என்றால் 1989-க்கு முன் திருவண்ணாமலையும் அதில் அடக்கம். பெயரைப் பார்க்காமல் எல்லையைப் பாருங்கள்.

சராசரியை மட்டும் வெளியிடுவது எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது. பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்குச் சொத்தையே இல்லை, இரண்டு பேருக்கு ஐந்தைந்து என்றால் சராசரி ஒன்று. "ஆளுக்கு ஒரு பல்" என்று அறிக்கை சொல்லும். சோறு மெல்ல முடியாத அந்த இரண்டு பிள்ளைகள் அதில் எங்கே?

இன்னொன்றும் உண்டு. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் சிகிச்சை எவ்வளவு அவசரம் என்று குறிக்க இடம் இருக்கிறது. பலர் அதை எண்ணாக நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சீழ் கட்டிய கன்னத்தோடு உங்கள் முன்னால் வாயைத் திறந்த பாட்டிக்கு, எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த பஸ் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் வாசித்தும் காட்டிவிட்டு வாருங்கள்.