சின்ன வளவில் புல் வெட்ட வயர் மெஷின் போதும்: ரொறன்ரோப் பக்கம் புதிதாக வீடெடுப்பவர்களுக்கு

ஒன்ராறியோவில் ஏப்ரல் கடைசியில் மண் இளகியதும் புல் ஒரேயடியாக எழும்பத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. ரொறன்ரோ நகரசபை விதிப்படி புல் 20 சென்டிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது. யாராவது முறையிட்டால் நோட்டீஸ் வரும்; அதன் பிறகும் வெட்டாவிட்டால் நகரசபையே வெட்டுவித்து, செலவைச் சொத்துவரியோடு சேர்த்துவிடும். மற்ற நகரங்களுக்கும் இப்படி விதிகள் உண்டு. உங்கள் நகரசபையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால், புல் வெட்டுவது யார் பொறுப்பு, மெஷின் யாருடையது என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

டவுன்ஹவுஸ், செமி வீடுகள் பலவற்றில் முன்னும் பின்னும் சேர்த்தாலும் புல்தரை ஆயிரம் சதுர அடியைத் தாண்டாது. அதற்குப் பெற்றோல் மெஷின் வீண் சுமை. எண்ணெய் மாற்ற வேண்டும், குளிர்காலத்தில் பழைய பெற்றோல் கார்புரேற்றரை அடைத்துவிடும். பற்றரி மெஷின் வசதிதான். ஆனால் சில வருடத்தில் பற்றரி தேய்ந்தால், புதிய பற்றரியின் விலைக்கு, வயரால் பிளக்கில் மாட்டி ஓட்டும் ஒரு முழு வயர் மெஷினே வாங்கலாம். வயர் மெஷினில் தேய்வது பெரும்பாலும் பிளேடு மட்டுந்தான். முந்நூறு சதுர அடிக்குள் உள்ள துண்டு நிலமென்றால் கரண்டே தேவையில்லை, கையால் தள்ளும் உருளை மெஷின் போதும்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுக்கு வெளியே உள்ள பிளக்கிலிருந்து புல்தரையின் கடைசி மூலை வரை, மரத்தையும் வேலியையும் சுற்றிப் போகும் வழியாகவே, ஒரு கயிற்றைப் பிடித்து அளவெடுங்கள். மெஷினைத் திருப்ப இன்னொரு பத்து அடி சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்குள் வந்தால் வயர் மெஷின் உங்களுக்குச் சரி. அதைத் தாண்டினால் அல்லது நடுவில் நிறைய மரங்கள் இருந்தால் பற்றரிக்கே போங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனிப் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்கத்தில் இல்லாத பழைய வீடுகள் உண்டு. அங்கே கராஜுக்குள் இருக்கும் பிளக்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெஷினில் எதைப் பார்ப்பது

பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது வெட்டும் அகலம்: 14, 16, 20 இஞ்சி. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பதைச் சின்ன வளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி நிலம். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் மேல் இரண்டு இஞ்சி ஏறி வெட்ட வேண்டும் என்பதால் 14 இஞ்சி மெஷின் உண்மையில் 12 இஞ்சி வெட்டும். மொத்தம் 600 அடி தள்ள வேண்டும். 20 இஞ்சி மெஷின் 18 இஞ்சி வெட்டும். 400 அடி தள்ள வேண்டும். மிச்சம் 200 அடி நடை, இரண்டொரு நிமிடம். அதற்காகப் பாரமான மெஷினை வாங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய வழியால் இழுத்துக்கொண்டு போவது நல்ல பேரம் அல்ல.

அடுத்தது ஆம்ப், அதாவது மெஷின் இழுக்கும் கரண்டின் அளவு. இங்கே சாதாரணப் பிளக் 120 வோல்ட், 15 ஆம்ப் பிரேக்கரில் (கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) ஓடும். அதனால்தான் பெரும்பாலான மெஷின்கள் 12, 13 ஆம்போடு நின்றுவிடும். கிறீன்வேக்ஸ் 16 இஞ்சி மெஷின் 10 ஆம்ப், 20 இஞ்சி மெஷின் 12 ஆம்ப். சன் ஜோ 14 இஞ்சி மெஷினும் 12 ஆம்ப். அகலத்தை ஆம்போடு சேர்த்துப் பார்த்தால், ஒடுங்கிய மெஷினில் ஒவ்வொரு இஞ்சி பிளேடுக்கும் கூடுதல் பலம் கிடைக்கிறது என்பது விளங்கும். ஈரப்பசையோடு அடர்ந்து நிற்கும் ஜூன் மாதப் புல்லில் 20 இஞ்சி மெஷின் திணறுமிடத்தில் 14, 16 இஞ்சி மெஷின் போய்விடும்.

மூன்றாவது உயரம். இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. கென்டக்கி புளூகிராஸ் போன்ற இந்த ஊர்ப் புல்லை 6 முதல் 8 சென்டிமீற்றர் உயரத்தில் நிற்க விட வேண்டும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் புல்தரைக்கு அழகுக்காகக் களைகொல்லி அடிக்கத் தடை இருக்கிறது. டான்டலையன் போன்ற களை முளைக்காமல் இருக்க உங்கள் கையில் இருக்கும் நல்ல மருந்து, மண்ணில் வெயில் படாதபடி புல்லை உயரமாக வைத்திருப்பதுதான். எனவே மெஷினின் ஆகக் கூடிய உயரம் 3 இஞ்சிக்குக் கிட்டவாவது இருக்க வேண்டும். சில மலிவு மெஷின்கள் இரண்டரை இஞ்சியோடு நின்றுவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். ஒரே நெம்புகோலில் நாலு சில்லும் ஏறி இறங்கினால் வசதி. ஒவ்வொரு அச்சையும் கழற்றி வேறு காடியில் மாட்டும் வகை மலிவு. ஒருமுறை மூன்று இஞ்சியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பதால் அதுவும் பரவாயில்லை.

வெட்டிய புல்லைப் பொடியாக்கி அங்கேயே போடும் மல்ச்சிங் வசதி கட்டாயம் வேண்டும். ரொறன்ரோவில் வெட்டிய புல்லை நகரசபை எடுத்துப் போவதில்லை. பையில் சேர்த்தால் அதை வைத்திருக்க உங்களிடம் இடமில்லை. பொடியாக்கி விட்டால் அதுவே பசளை. மற்றபடி டெக், அதாவது பிளேடை மூடியிருக்கும் பகுதி, பிளாஸ்ரிக் என்பதற்காகத் தயங்க வேண்டாம். அது துருப்பிடிக்காது, பாரமும் குறைவு.

இத்தனைக்கும் பெரும்பாலும் 150 முதல் 250 டொலர், மேலே 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி. கனேடியன் ரயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் செப்ரெம்பரில் விலை இறங்கும்; மே மாதத்தில் ஆகக் கூடுதலாக இருக்கும். சி.எஸ்.ஏ., சி.யு.எல். போன்ற கனடிய அங்கீகார முத்திரை உள்ளதா என்று அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள்.

பணத்தைப் போட வேண்டிய இடம் வயர்

மெஷினோடு வயர் வராது. இங்கேதான் புதிதாக வருபவர்கள் பிழை விடுகிறார்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஊரில் 230 வோல்ட். 1,440 வாற்ஸ் மோட்டருக்கு அங்கே ஆறேகால் ஆம்ப் ஓடும், மெல்லிய வயரும் தாங்கும். இங்கே 120 வோல்டில் அதே மோட்டருக்கு 12 ஆம்ப் ஓடும். வயரிலேயே வீணாகும் வோல்ட் இரட்டிக்கும். அதையும் பாதி வோல்டிலிருந்து கழிக்க வேண்டும். வீட்டில் கிடக்கும், கிறிஸ்மஸ் விளக்குக்கு வாங்கிய மெல்லிய வயரை மாட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு இதோ.

வயரின் தடிப்பை கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறைந்தால் தடிப்புக் கூடும். நூறு அடி வயரில், 12 ஆம்ப் ஓடும்போது, 18 கேஜில் கிட்டத்தட்ட 15 வோல்ட் காணாமல் போகும். 16 கேஜில் சுமார் 10 வோல்ட். 14 கேஜில் 6 வோல்ட். வோல்ட் குறைந்த மோட்டர் மெதுவாகச் சுற்றும், புல்லில் இழுபடும், கூடுதல் கரண்ட் இழுக்கும். அதைக் குளிர வைக்கும் விசிறியும் மெதுவாகிவிடும். அப்படியே சூடேறி, ஒருநாள் எரிந்த மணம் வரும். மெஷின் தரமில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் மெஷின்களில் பலவற்றின் உண்மையான நோய் வயரில்தான் இருக்கிறது.

ஆகவே: 50 அடிக்குள் என்றால் 16 கேஜ் போதும். 100 அடி என்றால் 14 கேஜ், அதில் பேரம் பேசாதீர்கள். மெஷினுக்குக் கொடுத்ததில் மூன்றிலொரு பங்கு வயருக்குப் போனாலும் போகட்டும். மெஷின் மாறினாலும் வயர் இருக்கும். உறையின் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்: வெளியில் பாவிக்கும் வயரில் எஸ்.ஜே.ரி.டபிள்யூ. என்று கடைசி எழுத்து டபிள்யூவாக இருக்கும். நிறம் செம்மஞ்சள் அல்லது மஞ்சள். பச்சை வயர் புல்லில் கண்ணுக்குத் தெரியாது, பிளேடுக்கு மட்டும் தெரியும். இரண்டு ஐம்பதடி வயரைத் தொடுப்பதைவிட ஒரே நூறடி நல்லது, தொடுப்பில்தான் சூடேறும். மெஷினின் பிளக் குழிக்குள் பதிந்திருப்பதால் சில தடித்த வயர்களின் தலை உள்ளே போகாது; வாங்கும்போதே மாட்டிப் பாருங்கள். வெட்டும்போது வயர் முழுவதையும் சுருளிலிருந்து அவிழ்த்து விட வேண்டும். சுருளாகக் கிடக்கும் வயர் சூட்டை வெளியே விடாது.

பிளக்கும் பிரேக்கரும்

வெளிப்பிளக் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பில், அதாவது கரண்ட் கசிந்தால் உடனே தானாக நிறுத்தும் பாதுகாப்பில், இருக்க வேண்டும். பிளக்கில் இரண்டு சின்னப் பொத்தான் இருந்தால் ரெஸ்ற் பொத்தானை அழுத்துங்கள், கரண்ட் நிற்க வேண்டும். ரீசெற்றை அழுத்தினால் வர வேண்டும். பொத்தான் இல்லாமல், கரண்டும் இல்லை என்றால் உடனே எலெக்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம். பழைய வீடுகளில் வெளிப்பிளக் குளியலறையிலோ கராஜிலோ பேஸ்மென்றிலோ உள்ள ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கின் பின்னால் தொடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் ரீசெற்றை அழுத்திப் பாருங்கள்.

கராஜில் மீனும் இறைச்சியும் நிறைத்த பெரிய ஃபிரீசர் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். அதுவும் வெளிப்பிளக்கும் ஒரே பிரேக்கரில் இருந்தால், 12 ஆம்ப் மெஷின் ஓடும்போது ஃபிரீசரும் தொடங்கப் பிரேக்கர் விழும். மெஷினை வேறு பிளக்கில் மாட்டி வேலையை முடித்துவிட்டு, ஃபிரீசரை மறந்துபோனால் இரண்டு நாளில் எல்லாம் பழுதாகிவிடும். பிரேக்கரோ ஜி.எஃப்.சி.ஐ.யோ விழுந்தால் முதலில் ஃபிரீசரில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

வெட்டும் முறை

நிலம் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்புல் டெக்கின் உட்பக்கம் அப்பிக்கொள்ளும், கால் வழுக்கும், ஈரமும் கரண்டும் ஒன்றாகக் கூடாது. செருப்போடு வெட்டாதீர்கள், மூடிய, பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். கல், விளையாட்டுச் சாமான், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும்.

வயரை கைப்பிடியில் உள்ள கொக்கியில் வளையமாக மாட்டிய பின்தான் பிளக்கில் செருக வேண்டும். இல்லாவிட்டால் இழுபட்டு இழுபட்டுப் பிளக் தளர்ந்து எரியும். பிளக்குக்குக் கிட்ட உள்ள கரையிலிருந்து தொடங்குங்கள். வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம் கிடக்க வேண்டும், நீங்கள் ஒவ்வொரு வரியாக வீட்டை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். வட்டமாகச் சுற்றி வெட்டக்கூடாது; இரண்டு சுற்றில் வயர் காலிலும் மரத்திலும் சுற்றிவிடும். வரி முடிந்து திரும்பும்போது வயர் கிடக்கும் பக்கம் திரும்பாமல், மற்றப் பக்கமாகத் திரும்புங்கள்.

ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். விடுமுறைக்குப் போய் வந்து புல் முழங்காலளவு நின்றால், ஆகக் கூடிய உயரத்தில், அரை அகலமாக ஒருமுறை வெட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி வெட்டுங்கள். மோட்டரின் சத்தம் இறங்கினால் நடையைக் குறையுங்கள். தானாக நின்றுபோனால் பெரும்பாலும் சூட்டுப் பாதுகாப்பு. பிளக்கைக் கழற்றி ஆற விட்டுப் பாருங்கள்.

வயர் வெட்டுப்பட்டால் அதைத் தொடாமல் முதலில் சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றுங்கள். ரேப் சுற்றி மறுபடி பாவிக்கக் கூடாது. நுனிக்குக் கிட்ட வெட்டுப்பட்டிருந்தால் கெட்ட துண்டை நீக்கிப் புதிய பிளக் தலை போடலாம்; நடுவிலென்றால் புது வயர்தான்.

ரொறன்ரோவில் இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை, சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் காலை 9 மணி வரை, இந்த மெஷின்களை ஓட்டக்கூடாது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் புல் பழுப்பாகி உறங்கும். அது சாகவில்லை, அப்போது வெட்டாமல் விடுங்கள்.

பிளேடை வருடத்துக்கு ஒருமுறை தீட்டுங்கள். வெட்டிய மறுநாள் புல் நுனி வெள்ளையாக, நார் நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றி, மெஷினைச் சரித்து, கையுறையோடு பிளேடைக் கழற்றி இரண்டு பக்கமும் ஒரே அளவாக அராவுங்கள். பிறகு நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். சமநிலை இல்லாத பிளேடு மெஷினை அதிர வைத்து அச்சைக் கெடுக்கும். திரும்ப மாட்டும்போது சிறகுபோல வளைந்த பகுதி டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மெஷின் ஓடும், புல் மட்டும் வெட்டுப்படாது. தீட்டிய பிறகும் அதிர்வு போகவில்லை என்றால், வேரிலோ கல்லிலோ அடிபட்டு அச்சு வளைந்திருக்கும். இந்த விலை மெஷினில் அதைத் திருத்துவது கட்டுபடியாகாது. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதற்காகவே, பணம் கொடுக்குமுன் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, கைப்பிடிக் கம்பியை விட்டதும் பிளேடு மூன்று விநாடிக்குள் நிற்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

ஒக்ரோபர் கடைசியில் புல்லை 5 சென்டிமீற்றர் அளவுக்கு இறக்கி கடைசி வெட்டு. டெக்கின் அடியை மரத்துண்டால் சுரண்டுங்கள், தண்ணீர்க் குழாயால் அடிக்க வேண்டாம், மோட்டருக்குள் போகும். கைப்பிடியை மடித்து கராஜ் மூலையில் வைக்கலாம். வயரைத் துடைத்து, முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் அகலமான வளையமாகச் சுருட்டித் தொங்க விடுங்கள். குளிரில் இறுகிய உறை, இறுக்கிச் சுற்றிய இடத்தில்தான் வெடிக்கும்.