அட்வான்ஸ் வாங்கினீர்களா? வணிகச் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு

கந்தப்பளையில் அப்பா கரட் போட்ட ஒரு போகத்தில், தம்புள்ளைக்கு ஏற்றும் வியாபாரி ஒருவர் போனில் விலை பேசினார். ஐந்நூறு கிலோ, வியாழக்கிழமை லொறி வரும். அப்பா சரி என்றார். புதன்கிழமை ஆள் பிடித்துக் கிண்டி, பீலித் தண்ணீரில் மண் போகக் கழுவி, மூடை கட்டி ரோட்டோரம் அடுக்கியாயிற்று. லொறி வரவில்லை. விலை இறங்கிவிட்டதாம். சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, “அட்வான்ஸ் வாங்கினீர்களா?”

இன்று ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டம் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தக் கேள்விக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை என்று நினைக்கிறேன்.

முதலில், முனைவு (ஒருவர் ‘இந்த நிபந்தனைக்கு நான் தயார்’ என்று முன்வைப்பது) யாருடையது, ஏற்பு (மற்றவர் அதற்கு அப்படியே சம்மதிப்பது) எந்த இடத்தில் நடந்தது என்று பாருங்கள். கடைத் தட்டில் விலை ஒட்டியிருக்கும் பிஸ்கட் பக்கெட் முனைவு அல்ல, முனைவுக்கு அழைப்பு மட்டுமே. நீங்கள் அதை எடுத்துக் காசாளரிடம் நீட்டுவதுதான் முனைவு. 1953இல் இங்கிலாந்தில் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இப்படித்தான் தீர்ந்தது. பேரம் பேசும் இடத்தில் இன்னும் கவனமாக இருங்கள். அவர் கிலோ 180 என்கிறார், நீங்கள் 170க்குக் கேட்கிறீர்கள். அந்த நொடியே 180 என்ற முனைவு முடிந்துபோகிறது. பிறகு “சரி, 180க்கே எடுக்கிறேன்” என்றால் அது உங்களுடைய புது முனைவு; அவர் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. 1840இல் வந்த ஹைட் எதிர் ரென்ச் வழக்கு இதுதான்.

அடுத்தது, சட்டத்தால் கட்டுப்படும் எண்ணம் இருந்ததா? இதற்குப் பாடநூல்கள் காட்டும் 1919ஆம் ஆண்டின் பெல்ஃபர் வழக்கு நம் நாட்டோடு தொடர்புள்ளது. இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலைபார்த்த ஓர் ஆங்கிலேயர், உடல்நலக் குறைவால் இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண் அனுப்புவதாகச் சொன்னார். அவர் நிறுத்தியதும் மனைவி வழக்குப் போட்டார், தோற்றார். வீட்டுக்குள் கணவன் மனைவி பேசிக்கொள்வது ஒப்பந்தமாகாது என்றது நீதிமன்றம்.

பிரதிபலன் பற்றி எழுதும்போது வினா எந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சட்டத்தில் வாக்குக்கு ஈடாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். நம் நாட்டுப் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். அது நியாயமான காரணம் இருந்தால் போதும் என்கிறது. அன்று நம் வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட லண்டன் கோமறைக்கழகமும் 1918இல் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் நம் வர்த்தகச் சட்டத்தில் பெரும்பகுதி ஆங்கிலேயரிடமிருந்து வந்தது.

சரி, அப்பாவின் கரட்டுக்கு வருவோம். முனைவு இருந்தது, ஏற்பும் இருந்தது. ஆனாலும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பாவது இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. நூறு ரூபாயாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அப்பாவின் நிலை வேறாக இருந்திருக்கும். விடையில் பிள்ளைகள் “ஒப்பந்தம் உண்டு” என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உண்டா என்பது ஒரு கேள்வி, நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியுமா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனிப் பந்தியில் எழுதுங்கள்.

காணி என்றால் இன்னும் கடுமை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருந்து உறுதிப் பத்திரம் முடிக்க வேண்டும். முத்திரைத் தாளில் எழுதி இருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்று நம்பிக் காசு கொடுக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

வழக்குப் போடுவதற்கான கெடுவையும் மறக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். ஆனால் கொடுத்த சரக்கின் கடன், கடைக் கொப்பிக் கடன், வேலையாளின் கூலி ஆகியவற்றுக்கு ஒரே வருடம்தான். தீபாவளிக்குத் தருகிறேன், பொங்கலுக்குத் தருகிறேன் என்ற வாய்ச்சொல்லால் அந்தக் கெடு நீளாது. கடன்காரர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, கொஞ்சம் கட்டினாலோதான் வருடம் புதிதாகத் தொடங்கும்.

அப்பா இப்போதும் போனில்தான் விலை பேசுகிறார். பேசி முடித்ததும், “ஐந்நூறு கிலோ, இந்த விலை, இந்த நாள் என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள் தம்பி, இரண்டாயிரம் ரூபாயும் போட்டுவிடுங்கள்” என்கிறார். காசு வந்த பிறகுதான் கிண்ட ஆள் சொல்கிறார்.