பழைய கல்லறைக் கற்களைப் பதிவு செய்யும் முறை
கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். பிறகு வரிசை வரிசையாக நடந்து வரைபடம் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுங்கள். எண் தாளில் மட்டும்தான். கல்லில் பெயின்டோ சாக்பீஸோ படக்கூடாது. சாய்ந்து நிற்கும் கல்லில் கை ஊன்றாதீர்கள். அடிமண் இளகியிருந்தால் ஆள்மேலேயே சரியும்.

மங்கிய எழுத்தைப் படிக்க மாவு தடவுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது இரண்டுமே கல்லைக் கெடுக்கும். வெளிச்சம்தான் நல்ல கருவி. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து, வெயில் கல்லின் முகப்பை உரசினாற்போல் விழச் செய்யுங்கள். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் வெட்டுக்குள் நிழல் இறங்கி எழுத்து எழும்பி வரும். கண்ணாடியை மெல்ல நகர்த்தி, இரண்டு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பறவை எச்சத்துக்குச் சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கல்லில் ஒட்டிய பாசியைச் சுரண்டவே வேண்டாம், மேற்பரப்பும் சேர்ந்து உரியும்.

வாசகத்தை வரி பிரிந்தபடியே, பிழைகளோடு எழுதுங்கள். திருத்தினால் அது பதிவே அல்ல. சந்தேகமான எழுத்துக்குச் சதுர அடைப்புக்குறி. 1-ம் 7-ம், 3-ம் 8-ம் அடிக்கடி குழப்பும். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வயது மூன்றும் ஒத்துவருகிறதா என்று கல்லருகிலேயே கணக்குப் பாருங்கள். உயரம், அகலம், முகப்பு பார்க்கும் திசை, விரிசல் எல்லாம் குறித்தபின், இன்னொருவர் தாளோடு வந்து கல்லைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.