ஸ்லீப்(1) என்றால் ஒரு மில்லிசெகண்ட் இல்லை

லாசரஸில் (பாஸ்கல் மொழியில் நிரல் எழுதும் கருவி) ஒரு சின்ன மெட்ரோனோம், அதாவது சீராகத் தாளம் தட்டும் நிரல், எழுதினேன். நிமிடத்துக்கு 120 தட்டு, அதாவது தட்டுக்குத் தட்டு 500 மில்லிசெகண்ட், லூப்புக்குள் ஸ்லீப்(500), அதாவது '500 மில்லிசெகண்ட் தூங்கு' என்ற கட்டளையை, போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தாளம் நொண்டியது.

அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. விண்டோஸின் டைமர் வழக்கமாக செகண்டுக்கு 64 முறைதான் துடிக்கும், அதாவது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, ஸ்லீப்பும் அந்தத் துடிப்பில்தான் கண் விழிக்கும், அதனால் ஸ்லீப்(1) கேட்டாலும் 15 வரை இழுக்கும்.

விண்டோஸின் மல்டிமீடியா கட்டளைகள் உள்ள எம்எம்சிஸ்டம் யூனிட்டைச் சேர்த்து, டைமரை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை துடிக்கக் கேட்கும் டைம்பிகின்பீரியட்(1) அழைத்தேன், பிழை ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள் வந்தது. (முடிக்கும்போது அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறும் டைம்எண்ட்பீரியட்(1) மறக்கக் கூடாது.) அதுவும் போதாமல், ஸ்லீப்பையே தூக்கிவிட்டு, விண்டோஸின் துல்லியமான நேர எண்ணியான குவெரிபெர்ஃபாமன்ஸ்கவுண்டரைப் பார்த்தபடி வெறும் லூப்பைச் சுற்றவிட்டேன். நேரம் துல்லியம்தான், ஆனால் ஒரு கோர் முழுக்க அதற்கே போய், லேப்டாப் ஃபேன் அலறியது.

சரி, இரண்டையும் கலந்தேன்: மீதி 2 மில்லிசெகண்டுக்கு மேல் இருக்கும்வரை ஸ்லீப்(1), கடைசித் துண்டுக்கு மட்டும் வெறும் லூப்.

அப்புறமும் பத்து நிமிடத்தில் தாளம் பின்தங்கியது. இது முழுக்க என் தப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் 'இப்போதிலிருந்து 500' என்று கணக்கிட்டதால் சின்னச் சின்னத் தாமதமெல்லாம் சேர்ந்துகொண்டே போனது. தொடக்க நேரத்தை இன்ட்64இல் (பெரிய முழு எண்ணுக்கான மாறி வகை) வைத்து, அதோடு தட்டு எண் பெருக்கல் 500ஐக் கூட்டி அடுத்த இலக்கை எடுத்தேன். இப்போது ஒரு தட்டு லேசாகத் தாமதித்தாலும் அடுத்தது சரியான இடத்தில் விழுகிறது.