மருந்தின் பக்கவிளைவோ என்று சந்தேகமா? முதல் அறிக்கையை எழுதுவது எப்படி

இரவு ஷிஃப்டில் ஒரு நோயாளி, "உடம்பெல்லாம் அரிக்குது சிஸ்டர்" என்கிறார். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் வந்து மருந்தை நிறுத்துகிறார், அரிப்பு அடங்குகிறது, எல்லாரும் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம். நடந்தது அந்த கேஸ் ஷீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. அதை வார்டுக்கு வெளியே கொண்டுபோவதுதான் பக்கவிளைவு அறிக்கை. இதுவரை ஒன்றுகூட எழுதாதவர்களுக்காக இந்த விளக்கம்.

"இந்த மருந்தால்தான் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாதே?" எல்லாரும் தயங்கும் இடம் இதுதான். உறுதி தேவையில்லை, சந்தேகம் போதும். மருந்தா நோயா என்று அலசுவதற்கு, அறிக்கை போய்ச் சேரும் இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு வாந்திக்காகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தைகளைப் பாதிக்கிறதோ என்று 1961-இல் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சந்தேகப்பட்டு வெளியே சொன்னார்கள். அவர்கள் கையில் அப்போது முழு நிரூபணம் இருக்கவில்லை.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

படிவத்தைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மருந்து கொடுத்தது எத்தனை மணிக்கு, அறிகுறி தொடங்கியது எப்போது, நிறுத்தியது எப்போது, அடங்கியது எப்போது. இந்த நான்கும் மறுநாள் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. என்னைக் கேட்டால், அறிக்கையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

படி 2: குறைந்தபட்சம் நான்கு விவரங்கள்

நோயாளி, சந்தேகப்படும் மருந்து, ஏற்பட்ட விளைவு, அறிக்கை எழுதுபவர். இந்த நான்கும் இருந்தாலே அறிக்கை செல்லுபடியாகும். நோயாளியின் முழுப் பெயர் வேண்டாம். பெயரின் முதலெழுத்து, வயது, பாலினம் போதும். மற்ற கட்டங்கள் காலியாக இருக்கிறதே என்று அனுப்பாமல் வைத்துவிடாதீர்கள்.

படி 3: எல்லா மருந்துகளையும் எழுதுங்கள்

சந்தேகப்படும் மருந்தின் பொதுப்பெயர், பிராண்ட் பெயர், அளவு, கொடுத்த வழி. தடுப்பூசியோ இன்சுலின் போன்ற உயிரியல் மருந்தோ என்றால் பேட்ச் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) முக்கியம். குப்பியைத் தூக்கிப்போடும் முன் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டிலிருந்தே சாப்பிட்டு வரும் மாத்திரை, கடையில் தானே வாங்கிய வலி மாத்திரை, மூலிகை மருந்து எல்லாவற்றையும் கேளுங்கள். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். "கஷாயம், சூரணம், தூக்க மாத்திரை?" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் மாறும்.

படி 4: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

"மருந்து ஒவ்வாமை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வான்கோமைசின் 1 கிராம், டிரிப் வழியாக இரவு 10.00-க்குத் தொடங்கியது. 10.20-க்கு முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிப்பு. மூச்சுத்திணறல் இல்லை, இரத்த அழுத்தம் 120/80. டிரிப் நிறுத்தப்பட்டது. 11.00 மணிக்குச் சிவப்பு முழுவதும் மறைந்தது."

இந்த மருந்து வேகமாக ஏறினாலே இப்படிச் சிவக்கும். அதனால் எவ்வளவு நேரத்தில் ஏற்றத் திட்டமிட்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் படிப்பவருக்குப் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

படி 5: தீவிரத்தைக் குறித்து அனுப்புங்கள்

மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்த்தது அல்லது தங்கும் நாள் நீண்டது, நிரந்தர ஊனம், பிறவிக் குறைபாடு இவற்றில் ஒன்று இருந்தாலும் அது 'தீவிரம்'. தாமதிக்காமல் அனுப்புங்கள். மருந்துப் பாதுகாப்புப் பொறுப்பாளர் இருந்தால் அவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் நாட்டின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு நேரடியாக. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசக் கண்காணிப்புத் திட்டம் 1968 முதல் நடக்கிறது. அதில் உறுப்பினராக உள்ள நாடுகளின் அறிக்கைகள் ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள பொதுத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. ஒரு வார்டில் ஒருவருக்கு வந்த அரிப்பு, அங்கே இன்னொரு நாட்டு நோயாளியின் அரிப்போடு சேர்த்துப் பார்க்கப்படும்.

சக ஊழியர்கள் சிலர், "ஏன் வம்பு, நம்ம மேல தப்பு வந்துடும்" என்பார்கள். இது யார் மீதும் எழுதும் புகார் அல்ல என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஊசி போட்டவர் சரியாகப் போட்டிருந்தாலும் பக்கவிளைவு வரலாம்.

அனுப்பிய பிறகு ஒரு வேலை பாக்கி. அந்த நோயாளி வீட்டுக்குப் போகும்போது, சந்தேகப்பட்ட மருந்தின் பெயரையும் வந்த அறிகுறியையும் டிஸ்சார்ஜ் தாளில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அவர் கையில் தனியாக ஒரு சீட்டும் கொடுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.