திடீர் இதயச் சாவு: இனக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு

அமெரிக்காவின் போர்ட்லண்ட் பகுதியைப் பற்றி 2015 இல் வெளியான ஆய்வில், கறுப்பினத்தவரிடையே திடீர் இதயச் சாவு வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ 2 மடங்காகவும், சுமார் 6 வயது முந்தியும் காணப்பட்டது. இத்தகைய எண்ணைக் கண்டதும் அதை இரத்தத்தின் குணமென்று எடுத்துக்கொள்ளாமல், இறந்தவர்களுக்கு வேறு என்ன நோய்கள் இருந்தன என்று பாருங்கள். அங்கே நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் சிறுநீரக நோயும் கறுப்பினத்தவரிடம் கூடுதலாக இருந்தன. இலங்கையும் இடம்பெற்ற 52 நாட்டு ஆய்வில் தென்னாசியரின் முதல் மாரடைப்பு 53 வயதளவில், ஏனையோருக்கு முந்தியே வந்ததற்கும் இளவயதிலேயே சேர்ந்துவிட்ட இத்தகைய காரணிகளே பெரிதும் பொறுப்பு. திருகோணமலையின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த ஒரே 'தென்னாசியர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், நமது ஊர்ப் பிரிவுகளை வைத்து ஆபத்தை ஊகிப்பது வீண்வேலை.

பரம்பரைக் காரணங்களும் உண்டு. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் இளம் ஆண்கள் உறக்கத்திலேயே இறப்பதற்குக் காரணமான புருகாடா நோய், இதயத்தின் மின்னோட்டக் கோளாறாகும். ஆயினும் மருத்துவருக்கு இனப்பெயரைவிடப் பயன்படுவது உங்கள் குடும்ப வரலாறே.

அதைத் தொகுக்க, மரணத்துக்குப் பின்னான அந்தியேட்டிச் சடங்கன்று வழங்கப்பட்ட, 'கல்வெட்டு' எனப்படும் நினைவு நூல்களை எடுத்து, வம்சாவளியில் 50 வயதுக்குமுன் இறந்தவர்களைக் குறியுங்கள். கல்வெட்டு 'இறைபதம் எய்தினார்' என்பதோடு நின்றுவிடும். எப்படி இறந்தார் என்பதைப் பெரியம்மாவிடமோ சித்தப்பாவிடமோதான் கேட்கவேண்டும். உறக்கத்திலா, ஓடும்போதா, முன்னர் மயங்கி விழுந்ததுண்டா, வலிப்பு என்று மருந்து எடுத்தாரா என்று விசாரியுங்கள். கடலோர ஊராகையால் இன்னொன்றையும் கேளுங்கள்: நன்றாக நீந்தத் தெரிந்தவர் எவராவது அமைதியான நீரில் மூழ்கினாரா? சிலவகை இதயத் துடிப்புக் கோளாறுகள் நீந்தும்போது வெளிப்படக்கூடும்.

இவ்வாறு ஒரு மரணம் தென்பட்டாலும், இறந்தவரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் இதயநோய் மருத்துவரிடம் ஈசிஜியும் (இதய மின்பதிவு) எக்கோவும் (இதய ஒலியலைப் படம்) செய்துகொள்வது அவசியம். ஈசிஜி ஒருமுறை சரியாக இருந்தது என்பதால் மட்டும் விட்டுவிடக்கூடாது. ஏனையோர் குருதியமுக்கம், சீனி, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்து, இடுப்புச் சுற்றளவை ஆண்கள் 90, பெண்கள் 80 சென்ரிமீற்றருக்குள் வைத்திருக்கவேண்டும். தென்னாசியருக்கென்று தனியாகக் குறைத்து வகுக்கப்பட்ட அளவு இது.

ஒருவர் உணர்வின்றி விழுந்து இயல்பாக மூச்சு விடாதிருந்தால், 1990 ஐ அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். தொகுத்த குடும்ப வரலாற்றின் பிரதியொன்று கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும்.