“பெருக்கணுமா, வகுக்கணுமா சார்?”: வார்த்தைக் கணக்கை வகுப்பறை ஆய்வாக மாற்றுவது எப்படி?

வார்த்தைக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: “சார், இது பெருக்கணுமா, வகுக்கணுமா?” கேட்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எந்த வழி என்று மட்டும் தெரிந்தால் மீதி வேலை சுலபம் என்பது அதற்குத் தெரியும். ஏனென்றால் எதைக் கேட்பது, எந்த எண் தேவை, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று எல்லாவற்றையும் கணக்கை எழுதியவரே யோசித்து முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒரு பெருக்கலோ வகுத்தலோதான்.

அந்த முடிவுகளில் சிலவற்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. ராமுவை ஸ்பைடர்மேன் ஆக்குவதும், ஆரஞ்சுப் பழத்தைப் பீட்சா ஆக்குவதும் இதில் சேராது. பெயரை மாற்றினாலும் அது அதே கணக்குதான்.

ஏழாம் வகுப்பில் வரும் எதிர் விகிதக் கணக்கு (ஒன்று எத்தனை மடங்கு கூடுகிறதோ, மற்றொன்று அத்தனை மடங்கு குறையும் வகை) ஒன்றை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பார்ப்போம். இரண்டு பிரியட் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: கணக்கைத் தேர்ந்தெடுங்கள்

“120 மாணவர்களுக்கு 20 நாட்களுக்குப் போதுமான அரிசி உள்ளது. மேலும் 30 மாணவர்கள் சேர்ந்தால், அதே அரிசி எத்தனை நாட்களுக்கு வரும்?”

இந்த மாதிரிக் கணக்கை எல்லோரும் பார்த்திருப்போம். 120-ஐ 20-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 16 நாள். முடிந்தது.

எல்லாக் கணக்கும் ஆய்வுக்கு ஏற்றதில்லை. நான் பார்க்கிற ஒரே சோதனை இதுதான்: இந்த விடை நிஜத்தில் யாருக்காவது வேண்டுமா? ‘தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு’ வகைக் கணக்கில் விடை யாருக்கும் வேண்டாம். யாரும் அப்பாவின் வயதை அப்படித் தெரிந்துகொள்வதில்லை. அது புதிர். புதிராகவே ரசித்துவிட்டுப் போகலாம். அரிசிக் கணக்கு அப்படியில்லை. சத்துணவு அமைப்பாளர் பள்ளிதோறும் போட்டுப் பார்க்கிற கணக்கு அது.

பழைய கணக்குகளிலும் நல்ல சரக்கு இருக்கிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளையை எண்ணக் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் ஒரு வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, ஒரு பழத்தை வாங்கி வந்து “இது சரிதானா, பார்த்துவிடுவோமா?” என்று கேட்டால் அன்றைக்கு வகுப்பே வேறு மாதிரி இருக்கும். (சுளை வகுப்புக்குத்தான்.)

படி 2: எண்களையும் கேள்வியையும் எடுத்துவிடுங்கள்

தொடங்குபவர்களுக்குக் கஷ்டமான படி இது. கை தானாக எண்ணை எழுதப் போகும். எழுதாதீர்கள். கரும்பலகையில் இது மட்டும் போதும்:

“நீங்கள்தான் நம் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அறையில் அரிசி மூட்டைகள் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளியின் சமையல் கூடத்தில் பழுதுவேலை நடக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அங்குள்ள பிள்ளைகள் சிலர் இங்கே சாப்பிட வருவார்கள்.”

பிறகு கேளுங்கள்: “உங்களுக்கு என்ன கவலை வரும்?”

முதலில் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நீங்களே பதில் சொல்லிவிட வேண்டாம். அரிசி பத்துமா, தட்டு பத்துமா, எத்தனை முட்டை வேண்டும், எப்போது தீரும் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியில் ஒரு கேள்வியை வட்டமிடுங்கள்: ‘அரிசி எந்தத் தேதியில் தீரும்?’ புத்தகம் ‘எத்தனை நாட்கள்’ என்று கேட்டது. தேதி என்று கேட்டதும் சனி, ஞாயிறு உள்ளே வந்துவிடும்.

படி 3: கணக்குப் போடும் முன் ஊகம்

இப்போது ஒரே ஒரு எண்ணைக் கொடுங்கள்: 8 மூட்டை. எத்தனை நாள் வரும் என்று ஆளுக்கொரு ஊகம். கரும்பலகை ஓரத்தில் பெயரோடு எழுதி வையுங்கள். சிரிக்க வைக்கும் எண்ணையும் விடாமல் எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

படி 4: தகவல் சீட்டுகள்

சின்னச் சின்னச் சீட்டுகளில் தகவல்களை முன்கூட்டியே எழுதி மேசையில் கவிழ்த்து வையுங்கள். எந்தக் குழு எதைக் கேட்கிறதோ, அந்தக் குழுவுக்கு அந்தச் சீட்டு மட்டும்.

- ஒரு மூட்டை 50 கிலோ
- நம் பள்ளியில் சாப்பிடுவோர் 120 பேர், எல்லோரும் 6 முதல் 8-ஆம் வகுப்பு
- வரப்போகிறவர்கள் 30 பேர்
- 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி
- 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம்
- வரப்போகிறவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
- ஒருவருக்கு வாரத்துக்கு ஐந்து முட்டை

கடைசிச் சீட்டு தேவையில்லாதது. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம்.

முடிந்தால் 150 கிராம் அரிசியை நிறுத்து எடுத்து வாருங்கள். 200 மில்லி டம்ளர் கிட்டத்தட்ட நிறையும். கையில் வாங்கிப் பார்த்த பிள்ளை ‘ஒரு நாளைக்கு 18 கிராம்’ என்று விடை எழுதாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் பள்ளியின் உண்மையான இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வகுப்பில் விரிக்க வேண்டாம். அமைப்பாளருக்குத் தேவையில்லாத சங்கடம். கற்பனை எண்ணே போதும். அவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தால் அது தனி அழகு.

படி 5: குழுக்களாகப் போடட்டும்

நான்கு பேர் கொண்ட குழுக்கள். பெரும்பாலும் இப்படிப் போகும்: 120 பேருக்கு 150 கிராம் என்றால் நாளுக்கு 18 கிலோ. கையிருப்பு 400 கிலோ. 22 நாள் வரும், 4 கிலோ மிச்சம்.

அந்த 4 கிலோவை விட்டுவிடாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேசியத் தேர்வில் கேட்ட கேள்வி இது: ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர் ஏறலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து? 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். வகுத்தல் சரி. ஆனால் பேருந்தில் ‘மீதி 12’ என்று ஒன்று கிடையாது. 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 சதவீதம்தான்.

அடுத்து 30 பேர் சேர்கிறார்கள். 150 பேர் என்றால் நாளுக்கு 22.5 கிலோ, 17 நாள் போக 17.5 கிலோ மிச்சம். இங்கே ஒரு சண்டை வர வேண்டும், வராவிட்டால் நீங்களே மூட்டிவிடுங்கள்: “பதினெட்டாவது நாள் சமைக்கலாமா, கூடாதா?” 116 பேருக்கு அது போதும். அன்று எத்தனை பேர் வருவார்கள்? ஒரு குழு திங்கட்கிழமை கூட்டம் அதிகம் என்று சொல்லும், இன்னொன்று வருகைப் பதிவேட்டைக் கேட்கும். விடைத்தாளில் இதற்கு இடமில்லை, ஆனால் அமைப்பாளர் தினமும் முடிவெடுப்பது இதைத்தான்.

அப்புறம் காத்திருங்கள். ஏதாவது ஒரு குழு “வர்றவங்க எந்த வகுப்பு சார்?” என்று கேட்கும். கேட்டால் அந்தச் சீட்டைக் கொடுங்கள். யாருமே கேட்காவிட்டால், “எல்லாரும் ஒரே அளவு சாப்பிடுவாங்கன்னு யார் சொன்னது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வரப்போகிறவர்கள் மூன்றாம் வகுப்பு. அவர்களுக்கு 3 கிலோதான். மொத்தம் நாளுக்கு 21 கிலோ; 19 நாள் வரும், 1 கிலோ மிச்சம். தலையை மட்டும் எண்ணிப் போட்ட எதிர் விகிதம் 17 நாள்தான் கொடுத்தது. ஏன் பொருந்தவில்லை? ஆளுக்கு ஒரே அளவு என்றால்தான் ஆட்களுக்கும் நாட்களுக்கும் எதிர் விகிதம் நிற்கும். ‘ஒன்று கூடினால் மற்றொன்று குறையும்’ என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த நிபந்தனை கண்ணில் பட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த வகுப்பை எடுப்பதே இந்த இடத்துக்காகத்தான். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

படி 6: கரும்பலகைக்கு வரச் சொல்லுங்கள்

நாள் வாரியாகக் கழித்துக்கொண்டே போன குழு முதலில் வரட்டும். அடுத்து ஒரு நாள் தேவையைக் கண்டுபிடித்து வகுத்த குழு. விகிதமாக எழுதியவர்கள் கடைசியில். சுருக்கு வழியை முதலில் காட்டினால் மற்றவர்கள் தங்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஓரத்தில் எழுதிய ஊகங்களையும் ஒரு முறை பாருங்கள்.

படி 7: புத்தகத்துக்குத் திரும்புங்கள்

இப்போது பழைய கணக்கை அப்படியே எழுதுங்கள். விடை கேட்கும் முன், “இந்தக் கணக்கு நமக்குச் சொல்லாமல் விட்டது என்னென்ன?” என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு, யாரும் விடுப்பு எடுப்பதில்லை, அரிசி சிந்துவதில்லை, எலி தின்பதில்லை என்று பட்டியல் நீளும். அதன் பிறகு அதே வகையில் ஐந்தாறு கணக்குகளை வழக்கம்போலப் போட வையுங்கள். தேர்வு இருக்கிறது, வேகமும் வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் இப்படி விரித்துக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் முடியாது; ஓர் இயலுக்கு ஒன்று சரியாக இருக்கும்.

அடுத்து எதைத் தொடுவது என்றால், எட்டாம் வகுப்பின் நேரமும் வேலையும். 6 பேர் 10 நாளில் கட்டும் சுவரை 60 பேர் ஒரே நாளில் கட்டிவிடுவார்களா என்று மட்டும் கேளுங்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், அதை முதலில் பேச விடுங்கள்.